கறுப்பு வெல்வெட்

கண்ணை மூடிக்கொண்டால் அவர் இல்லை. இதைக் கண்டுபிடித்துக் கொஞ்ச நாளாகிறது. சின்ன வயதில் கண்ணை மூடினால்தான் பயம் வரும், திறந்தால் போய்விடும். இப்போது தலைகீழ். அதனால் இந்த மருத்துவமனை நாற்காலியில், சொட்டு மருந்து எரிய எரிய இமைகளை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது ஒருவகையில் சௌகரியமாகவே இருக்கிறது. "கண்ணைத் திறக்காதீங்கம்மா, மூடியே இருங்க, இன்னொரு தடவை விடணும்" என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். சொல்லாவிட்டாலும் திறக்கப்போவதில்லை. வலப்பக்கம் என் மகள் பூங்கோதை. கைபேசியில் எதையோ தள்ளிக்கொண்டே இருக்கிறாள், கட்டைவிரல் கண்ணாடியில் உரசுவது எனக்குக் கேட்கிறது, பார்வை குறையக் குறையக் காது இப்படிப் பிறர் வீட்டுச் சங்கதிக்கெல்லாம் போகிறது. இடப்பக்கம் ஒரு பெரியவர், பெஞ்சமின் என்று பெயர், நர்ஸ் கூப்பிட்டதில் தெரிந்தது. "எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டு வரிசையா உக்காந்திருக்கோம், ஜெபக்கூட்டம் மாதிரி. காணிக்கைப் பை ஒண்ணுதான் வரல" என்கிறார் பொதுவாக. "அது கீழ கவுன்ட்டர்லயே வாங்கிட்டாங்களே சார்" என்கிறாள் பூங்கோதை. வரிசை முழுக்கச் சிரிக்கிறது. என் பெண்ணுக்கு வாய் அவள் அப்பாவுடையது. முதல் சொட்டு விடும்போதே என் வீட்டுச் சாவியை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள். "குடும்மா, நீ எங்கயாவது வெச்சிடுவ." கொடுத்துவிட்டேன். கொடுத்தபின் உள்ளங்கையில் சாவியின் பல் பதிந்திருந்த இடத்தை இன்னொரு விரலால் தடவிக்கொண்டிருக்கிறேன். இன்றைக்குச் சொன்னால் அந்தச் சாவி திரும்ப வராது. சொல்லாவிட்டால் வரும். விஷயம் அவ்வளவுதான், ரொம்பச் சின்னது.

தலைப்பாகைக்காரரைப் பற்றிச் சொல்வதா வேண்டாமா என்று காலையிலிருந்து உருட்டிக்கொண்டிருக்கிறேன். முதலில் வந்தது அவர் இல்லை, சுவரில் ஒரு வலை. நல்ல வெளிச்சத்தில், ஹாலின் வெள்ளைச் சுவர் முழுக்கச் செங்கல் அடுக்கினாற்போல் கட்டங்கட்டமாக மெல்லிய கோடுகள். பூச்சு வெடித்துவிட்டது என்று நினைத்து விரலால் தடவினேன், வழவழவென்றிருந்தது. அப்புறம் ஒரு பிற்பகல், சமையலறையிலிருந்து வெளியே வந்தால் சாப்பாட்டு மேஜைக்கு எதிர் நாற்காலியில் ஒருவர். சரிகைக் கரை போட்ட வெள்ளைத் தலைப்பாகை, கழுத்துவரை மூடிய கோட்டு, முழங்கால்மேல் இரண்டு கையும், கீழே வெறுங்கால். பழைய போட்டோ ஸ்டூடியோவில் 'அசையாதீங்க' என்று சொல்லி உட்காரவைத்த முகம். நான் அலறவில்லை. கையில் ரசப் பாத்திரம் சுட்டது, அதை வைக்க இடம் பார்த்தேன். என் வியாதி கண்ணின் நடுவில். விழித்திரையின் மையம் தேய்ந்துகொண்டு வருகிறது, ஓரங்கள் மிச்சம். எதைப் பார்க்கிறேனோ அது அழிந்துபோகும், எதைப் பார்க்கவில்லையோ அது தெரியும். பூங்கோதையை நேராகப் பார்த்தால் காதும் தோடும் தெரிகின்றன, நடுவில் துடைத்த கரும்பலகை. ஆனால் முன்பின் தெரியாத அந்த மனிதரின் கோட்டுப் பொத்தானில் பூ செதுக்கியிருப்பதுகூடத் தெரிகிறது. இது அநியாயம் என்று பட்டது. பயத்துக்கு முன்னால் அதுதான் பட்டது. தரையில் காலைத் தட்டிப் பார்த்தேன், அவர் திரும்பவில்லை. ஒரு கண்ணை மூடினேன், இருந்தார். இரண்டையும் மூடினேன், போய்விட்டார். அப்புறம் வந்தும் போயுமாக இருந்தார், ஒரு வார்த்தை கிடையாது, ஒரு செருமல் கிடையாது. ஒரு நாள் அந்த நாற்காலியில் துவைத்த துணியைக் குவித்திருந்தேன். அவர் துணிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார், என் புடவையின் மடிப்பு அவர் தொடைக்குள் தெரிந்தது. பார்க்கச் சங்கடமாக இருந்தது. மறுநாள் துணியை எடுத்துக் கட்டிலில் போட்டேன். போட்டபிறகுதான் உறைத்தது, நான் அவருக்கு இடம் விட்டிருக்கிறேன். யாருமில்லாத நாற்காலிக்கு மரியாதை செய்திருக்கிறேன். பயம் அப்போதுதான் வந்தது, அவரைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்து.

கீழ்வீட்டு விசாலம் குழாயடியில் குரங்கு உட்கார்ந்திருக்கிறது என்று சொன்னாள். ஒரு தடவை சொன்னால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள், பெரம்பூரில் குரங்கு வராமலா இருக்கிறது. அவள் தினமும் சொன்னாள், அது சட்டை போட்டிருக்கிறது என்றாள். இரண்டு பிள்ளைகளும் வந்தார்கள், வாசலில் செருப்பு நிறையக் கிடந்தது, அப்புறம் செருப்புகள் போயின, விசாலமும் போனாள். பால்கனியில் மணி பிளான்ட் மட்டும் கொஞ்ச நாள் தண்ணீரில்லாமல் உயிரோடு இருந்தது. அவளைப் பைத்தியம் என்று யாரும் சொல்லவில்லை. 'அம்மாவுக்குக் கொஞ்சம் முடியல' என்றார்கள். எத்தனை மெத்தென்ற வாக்கியம், அதன்மேல் படுத்தால் எழுந்திருக்கவே முடியாது. பூங்கோதையும் ஒரு குடியிருப்பு பார்த்து வைத்திருக்கிறாள், கோயம்புத்தூர் தாண்டி. வயதானவர்களுக்கென்றே கட்டியது, சாப்பாடு அறைக்கே வரும், கூப்பிட மணி இருக்கும். "ஜன்னலைத் திறந்தா மலை தெரியும்மா" என்றாள். சொல்லிவிட்டு அவளே நிறுத்திக்கொண்டாள். தெரியும் என்கிற சொல் இப்போதெல்லாம் எங்கள் பேச்சில் இப்படித்தான் காலில் இடறுகிறது. அவள் கெட்டவள் இல்லை. வேளச்சேரியிலிருந்து பெரம்பூருக்கு வாரத்தில் பாதி நாள் ஓடி வருகிறவள். வரும்போதெல்லாம் கேஸ் கசிகிறதா என்று அடுப்பை முகர்ந்து பார்க்கிறாள். என்னை அங்கே அனுப்பக் காரணம் ஒன்று கிடைத்தால் போதும் அவளுக்கு, நிம்மதியாகத் தூங்குவாள். அந்தக் காரணம் தலைப்பாகை கட்டிக்கொண்டு என் வீட்டில் உட்கார்ந்திருக்கிறது.

இதெல்லாம் எனக்குப் புதிதில்லை என்பதுதான் விசித்திரம். ஓசையில்லாமல் வருகிறவர், ஒளி ஊடுருவுகிறவர், நாற்காலி தெரியத் தெரிய நாற்காலியில் உட்காருகிறவர். இவர்களோடு நான் வாலிபத்தில் நிறையப் பழகியிருக்கிறேன். கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கும்போது சனிக்கிழமைப் பிற்பகல்களில் படம் போடுவார்கள். ஏதோ ஒரு தூதரகத்திலிருந்து தகரப் பெட்டிகளில் சுருள் இரவல் வரும். பேச்சு வருவதற்கு முன் காலத்துப் பேய்ப் படங்கள், வேற்றுமொழிக்காரர்கள் எடுத்தவை. கெமிஸ்ட்ரி டியூட்டராக இருந்த சிவசைலம் என்பவர்தான் அதை நடத்தினார். மண்டபத்து ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டுவார்கள், துணியின் பொத்தலில் வெயில் ஒரு காசு அளவு தரையில் விழுந்து படம் முழுக்க மெல்ல நகரும். படத்தின் நடுநடுவே எழுத்து அட்டை வரும், வசனமும் விவரமும் அதில்தான். பார்க்க வருகிறவர்களில் விடுதிச் சமையற்காரர்கள், காவலாளியின் குடும்பம் எல்லாம் உண்டு என்பதால் யாராவது அதைத் தமிழில் சத்தமாகப் படிக்க வேண்டும். என் குரல் கணீரென்று இருக்கும் என்று என்னைப் பிடித்தார்கள். திரைக்குப் பக்கத்தில் டார்ச்சும் தாளுமாக நிற்பேன். 'யார் அங்கே?' என்று படிப்பேன். 'விளக்கை அணைக்காதே, உனக்குப் புண்ணியமாகப் போகும்' என்று படிப்பேன். சமையற்காரர் ஒருவர் பின்வரிசையிலிருந்து "அணைக்காதடா பாவி" என்று கூடவே சொல்வார். பேய்க்கு மட்டும் அட்டை கிடையாது. உயிரோடு இருக்கிறவர்கள்தான் பேசிக்கொண்டே இருந்தார்கள். பேய் வந்ததும் எனக்கு வேலையில்லை, டார்ச்சை அணைத்துவிட்டு நிற்பேன். அப்போது கேட்பதெல்லாம் புரொஜக்டர் சுற்றும் சத்தம் மட்டும், தையல் மிஷின் மாதிரி, யாரோ இருட்டைத் தைத்துக்கொண்டிருப்பது மாதிரி.

"மனோன்மணி அம்மா, தலையை நிமித்துங்க." சொட்டு விழுகிறது, முதலில் குளிர்ச்சி, பிறகு எரிச்சல், பிறகு தொண்டையில் ஒரு கசப்பு. கண்ணில் விட்ட மருந்து நாக்குக்கு எப்படி வருகிறது, உள்ளே எல்லாம் ஒரே வீடுதான் போலிருக்கிறது. "சிஸ்டர், எனக்கு நீங்க ரெண்டு பேராத் தெரியறீங்க" என்கிறார் பெஞ்சமின். "ரெண்டு பேரும்தான் சார் சொல்றோம், கண்ணை மூடுங்க." ஒருவரே இரண்டாகத் தெரிவதற்கு சிவசைலம் ஒரு கணக்கு வைத்திருந்தார். ஒரே சுருளில் இரண்டு தடவை படம் எடுப்பது. முதலில் அறையை எடுக்கிறாய், மேஜை, நாற்காலி, பயப்படப்போகிற பெண். பிறகு காமிராவிலேயே சுருளை ஆரம்பத்துக்குச் சுற்றிவிடுகிறாய். இப்போது பின்னால் கறுப்பு வெல்வெட் தொங்கவிட்டு, அதன்முன் பேயாக நடிப்பவனை மட்டும் எடுக்கிறாய். வெல்வெட் வெளிச்சத்தை விழுங்கிவிடும், அந்த இடத்தில் சுருளில் ஒன்றுமே பதியாது, பழைய அறை அப்படியே இருக்கும். ஆள் மட்டும் அதன்மேல் பதிவான், மெலிசாக, நாற்காலி அவன் வழியே தெரிய. "அவ்வளவுதான் மனோ, கறுப்பு வெல்வெட்." எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து படம் பார்த்தோம், வேறு வேறு திரைப்படச் சங்கங்களில். மனசுக்குள் நான் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன், வெளியேதான் 'இந்தாங்க'. திரையில் பேய் எழும்போது என் கை நாற்காலிப் பிடியை இறுக்கும். அது தெரிந்ததும் காதோரம் வந்து சொல்வார், "வெல்வெட்." மலைப்பாதையில் வண்டி வெட்டி வெட்டிப் பேய்வேகத்தில் போனால், "காமிராக் கைப்பிடியை மெதுவாச் சுத்தியிருக்கான்." காடு வெள்ளையாகவும் வானம் கறுப்பாகவும் மாறி நெஞ்சு அடைத்தால், "நெகட்டிவையே காட்டறான்." பாழடைந்த கோட்டை வந்தால், "கண்ணாடியில வரைஞ்சது." நீல இரவு முழுவதும் பட்டப்பகலில் எடுத்து, சுருளைச் சாயத்தில் முக்கியெடுத்தது. ஒரு படத்தில் சுவரில் கிடந்த நிழல்களே விளக்கு போட்டு விழுந்தவை அல்ல, தூரிகையால் தீட்டியவை. இதையும் சொன்னார். எனக்கு ஆத்திரமாக வரும். என்னைக் கொஞ்சம் பயப்பட விடுங்களேன் என்று ஒரு தடவை பஸ்ஸில் சொன்னேன். அவர் நிஜமாகவே புரியாமல், "பயந்தா உன் கை ஜில்லுனு ஆயிடுது" என்றார்.

ஒரே ஒரு படத்தில் அவர் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, படமே சொல்லிவிட்டது. அது கல்லூரி மண்டபத்தில், நான் அட்டை படித்த நாட்களில். ஒரு விதவை தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். எதிரே காலி நாற்காலி. செத்துப்போன கணவன் மெல்ல உருவாகி அந்த நாற்காலியில் உட்காருகிறான், ரொம்ப அழகாக எடுத்திருந்தார்கள், கோட்டின் மடிப்பு ஒவ்வொன்றாகத் தெளிந்து வரும். மண்டபம் மூச்சு விடவில்லை. அப்புறம் அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். அவனை அல்ல. அவன் தலைக்கு மேலே, ஒரு முழம் உயரத்தில், சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்துக் கண்களை விரித்தாள், கையை நெஞ்சில் வைத்தாள், அலறினாள். அவன் கீழே சமர்த்தாக உட்கார்ந்திருந்தான். "மணி ஆயிடுச்சுன்னு பயப்படறாளா?" என்றது பின்வரிசை, அவ்வளவுதான், மண்டபமே இடிந்தது. அடுத்த அட்டை 'நீங்கள்தானா?' என்று வந்தது, என்னால் படிக்க முடியவில்லை, டார்ச்சு குலுங்கக் குலுங்கச் சிரித்தேன். படம் முடிந்து ஜன்னல் துணிகளை அவிழ்க்கும்போது சிவசைலம் சொன்னார், "அவன் உட்காரப்போறான்னு அவகிட்ட யாரும் சொல்லலை. அவளை எடுக்கும்போது அவன் அங்க இல்லையே." அப்புறம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் யோசித்தார். பேயாக நடிப்பது சுலபம், வந்து நின்றால் போதும். எதிரே இருக்கிறவர்தான் கஷ்டப்பட வேண்டும். ஒன்றுமே இல்லாத இடத்தில் ஒருவர் இருப்பதாக நினைத்து, அவருக்கு இடம் விட்டு, அவர் முகம் எந்த உயரத்தில் இருக்கும் என்று தெரிந்து அங்கே பார்க்க வேண்டும், பிறர் பார்க்காத ஒன்றுக்காக. வெயில் அவர் முகத்தில் விழுந்திருந்தது. நான் அந்த நிமிஷம்தான் அவரைக் கட்டிக்கொள்வது என்று நினைத்திருக்க வேண்டும், அப்படி இப்போது நினைத்துக்கொள்கிறேன், இல்லாமலும் இருக்கலாம்.

இன்னொரு வித்தையும் உண்டு, அது இன்னும் எளியது. ஆளை நிற்கவைத்து எடுக்கிறாய், காமிராவை நிறுத்துகிறாய், ஆளை எடுத்துவிடுகிறாய், மறுபடி ஓட்டுகிறாய். மாயமாக மறைந்துவிட்டான். சுற்றியிருக்கும் யாரும் அசையக் கூடாது, அதுதான் நிபந்தனை. எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஏதாவது ஒன்று அசைந்திருக்கும், ஒரு திரைச்சீலை, மேஜைமேல் இருந்த கை, விளக்கின் புகை. அந்தச் சின்னத் துள்ளலில்தான் ஒட்டு தெரியும். சிவசைலம் போன காலையில் நான் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் இருந்தேன். கண்ணை ஒரு தடவை சிமிட்டியிருப்பேன். அதே மருந்துச் சீட்டு, அதே பாதி குடித்த ஹார்லிக்ஸ், அதே போர்வை, ஆள் மட்டும் எடுக்கப்பட்டிருந்தார். உடம்பு இருந்தது, இருந்தும் அது ஒரு சாமான் மாதிரி, மற்ற சாமான்களோடு சேர்ந்துவிட்டது. நான் அழுவதற்கு முன் ஒட்டைத் தேடினேன். டம்ளர் கொஞ்சம் நகர்ந்திருந்தது என்று தோன்றியது. அதை எப்படிச் செய்தார்கள் என்று காதில் சொல்ல யாரும் இல்லை. எல்லோரும் கேட்பார்கள், ஆகையால் நானே எனக்குச் சொல்லிக்கொள்கிறேன்: தலைப்பாகைக்காரர் சிவசைலம் இல்லை. மூக்கு வேறு, தோள் வேறு. சிவசைலம் கால்மேல் கால் போடாமல் ஒரு நிமிஷம் உட்கார மாட்டார். வெட்கத்தை விட்டுச் சொன்னால், நான் முயன்றும் பார்த்தேன். அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டு, வருகிறதுதான் வருகிறது, அவராக வரட்டும் என்று நினைத்தேன். என் கண் யாருடைய விண்ணப்பத்தையும் வாங்கிக்கொள்வதாக இல்லை. திரும்பத் திரும்ப அதே அந்நியரைத்தான் அனுப்பியது, பூப்போட்ட பொத்தானோடு.

ஆகவே சொல்வதில்லை. முடிவு செய்தாயிற்று. இத்தனை நாள் டாக்டர் 'வேற ஏதாவது?' என்று கேட்டபோதெல்லாம் 'ஒண்ணுமில்லை' என்றிருக்கிறேன், இன்றும் அதுதான். "அம்மா, நம்ம பேர் கூப்பிடறாங்க, எந்திரி." பூங்கோதையின் கை என் முழங்கைக்குக் கீழே வருகிறது. கண்ணைத் திறக்கிறேன். மருந்தில் கண்பாப்பா விரிந்துபோக, உள்ளே வெளிச்சம் மூட்டையாக வந்து விழுகிறது, நடையில் இருப்பவர்கள் எல்லோரும் சோப்பு நுரையில் செய்தவர்கள்போல் விளிம்பு கரைந்து நடக்கிறார்கள். அவர் இல்லை. நல்லது. ஒரு கருவியில் மோவாயை வைக்கச் சொல்கிறார்கள், "சிமிட்டாம இருங்கம்மா", ஒரு மின்னல். அறை பச்சையாகிறது, பிறகு கத்தரிப்பூ நிறம், சாயத் தொட்டியில் முக்கி எடுத்த மாதிரி. அதன் நடுவிலேயே என்னை டாக்டர் அறைக்கு நடத்திக்கொண்டு போகிறாள் என் மகள். சின்ன வயசு டாக்டர், குரலில் ஜலதோஷம். "வாங்கம்மா. தனியாதான் இருக்கீங்களா இன்னும்?" "அதையே கேளுங்க டாக்டர்" என்கிறாள் பூங்கோதை, "நான் சொன்னாக் கேக்க மாட்டேங்கறாங்க." இருவரும் சிரிக்கிறார்கள், என் தலைக்கு மேலே, குழந்தையை வைத்துக்கொண்டு பெரியவர்கள் சிரிக்கிற மாதிரி.

டாக்டர் திரையை என் பக்கம் திருப்புகிறாள். "இது உங்க கண்ணுக்குள்ள எடுத்த படம்." நேராகப் பார்த்தால் தெரியாது என்பதால் கொஞ்சம் தள்ளி, மேஜை ஓரத்தைப் பார்க்கிறேன், அப்போது படம் ஓரத்தில் வந்து நிற்கிறது. ஆரஞ்சு நிறத்தில் ஒரு நிலா, அதில் இலையில்லாத மரம் போல நரம்புகள், நடுவில் கறை. அழகாக இருக்கிறது, யாருடைய நிலாவோ. அவள் பேனாவால் கறையைச் சுற்றுகிறாள். "இந்த இடம் போன தடவையை விடக் கொஞ்சம் பெரிசாயிருக்கு. இங்கேர்ந்து இப்ப மூளைக்கு ஒண்ணுமே போறதில்லை. வெளிச்சம் விழுது, ஆனா பதியறதில்லை." பதிவதில்லை. நான் அந்தச் சொல்லில் நிற்கிறேன். அவள் மேலே பேசிக்கொண்டு போகிறாள், ஊசி, அடுத்த மாதம், கீரை. நான் அங்கேயே நிற்கிறேன். வெளிச்சத்தை விழுங்குகிற இடம். ஒன்றும் பதியாமல் புதிதாகவே கிடக்கிற இடம். அங்கே இரண்டாவது தடவை எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். என் காதோரம் மூச்சுக்கூடப் படவில்லை, ஆனாலும் யார் குரலில் எனக்கு அது புரிந்தது என்று தெரியும். "வேற ஏதாவது பிரச்சனை இருக்காம்மா?" என்கிறாள் டாக்டர். "வேற ஒண்ணும் இல்ல டாக்டர்" என்று பூங்கோதை எழுந்திருக்கிறாள், பையை எடுக்கிறாள், சாவி உள்ளே கலகலக்கிறது. "டாக்டர்" என்கிறது என் குரல். டார்ச்சு பிடித்து நின்ற காலத்துக் கணீர்க் குரல், எங்கிருந்து வந்ததோ. "ஒண்ணும் பதியாத இடத்துல வேற படம் வந்து விழுமா?"

அறையில் குளிர்சாதன இயந்திரத்தின் சத்தம் மட்டும் கேட்கிறது. தையல் மிஷின். டாக்டர் பேனாவைக் கீழே வைக்கிறாள். "என்ன படம் தெரியுது உங்களுக்கு?" தலைப்பாகையைச் சொல்கிறேன், கோட்டைச் சொல்கிறேன், சுவரில் வந்த கட்டங்களைச் சொல்கிறேன், பொத்தானில் இருந்த பூவைக்கூட விடவில்லை. சொல்லச் சொல்ல அது யாரோ எழுதிய அட்டையைப் படிப்பது போலத்தான் இருக்கிறது, பயமில்லை. துணிக்குவியலை எடுத்துவைத்ததை மட்டும் சொல்லவில்லை. பூங்கோதை மறுபடி உட்கார்ந்துவிட்டாள். நாற்காலி நகர்ந்தது கேட்டது. பிறகு, "அப்பாவா?" என்றாள். அவளுக்கு அந்தக் குரல் இன்னும் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, பள்ளிக்கூட வாசலில் யார் கூட்டிப்போக வந்திருக்கிறார்கள் என்று கேட்கிற குரல். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். கறுப்பு வெல்வெட்டைப் பற்றி ஒன்றும் தெரியாதவளாக அவள் கொஞ்ச நேரம் இருந்திருப்பாள். "இல்லைம்மா. யாரோ. தெரியாத ஆள்" என்றேன். அவள் முகம் இருக்க வேண்டிய இடத்தில் கறைதான் தெரிந்தது, அதனால் அதை எப்படி வாங்கிக்கொண்டாள் என்று தெரியவில்லை. "பேசுவாரா?" என்றாள் டாக்டர். "இல்லை." "கண்ணை மூடினா?" "இல்லை." "அப்ப இது கண்ணோட வேலை, மனசோட வேலை இல்லை. பார்வை குறையற நிறையப் பேருக்கு வரும். பயந்துக்கிட்டு வெளிய சொல்ல மாட்டாங்க, அதான் யாருக்கும் தெரியறதில்லை. தானாப் போகலாம். போகாமயும் இருக்கலாம்." "இவங்க தனியா…" என்று பூங்கோதை ஆரம்பித்து நிறுத்தினாள். "இதுக்காக இருக்கக் கூடாதுன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றாள் டாக்டர், தும்மினாள், மன்னிப்புக் கேட்டாள். "தடுக்கி விழற மாதிரி எதுவும் கீழ கிடக்காமப் பாத்துக்குங்க. வெளிச்சம் நல்லா இருக்கட்டும்."

வெளியே நடையில் மறுபடி அதே நாற்காலிகள். அடுத்த தேதி வாங்கக் காத்திருக்கிறோம். பெஞ்சமின் இல்லை, அவர் இடம் காலியாக இருக்கிறது. எனக்கும் பூங்கோதைக்கும் நடுவில் ஒன்றுமில்லை. அவளுக்கு அந்தப் பக்கத்து நாற்காலியில் அவளுடைய பை. அவள் கைபேசியை எடுக்கவில்லை. விரல் உரசும் சத்தம் இல்லாதது இத்தனை பெரிய சத்தம் என்று இப்போதுதான் தெரிகிறது. கோயம்புத்தூரில் இருக்கும் அந்த ஜன்னலையும் மலையையும் நினைத்துக்கொள்கிறேன். அவளும் நினைக்கிறாள் என்று எனக்குத் தோன்றுகிறது. தூரத்தில் ஒரு குழந்தை கண்ணில் மருந்து விட வேண்டாம் என்று கத்துகிறது. வெளிச்சம் இன்னும் மூட்டை மூட்டையாக வந்துகொண்டிருக்கிறது, அதில் ஒரு மூட்டை மெதுவாகக் கட்டு அவிழ்ந்து வெள்ளையாகிறது, சரிகைக் கரை வருகிறது, கழுத்து மூடிய கோட்டு, முழங்கால்மேல் கைகள். பையின் தோல் வார் அவர் மடிக்குள் தெரிகிறது. வீட்டை விட்டு வெளியே இவர் வந்தது இதுதான் முதல் தடவை. "என்னம்மா அப்படிப் பாக்கற?" என்றாள் பூங்கோதை. குரலைத் தணித்து, பக்கத்தில் யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல, "இப்ப இருக்காரா?" என்றாள். "இருக்கார்." "எங்க?" "உனக்கு அந்தப் பக்கம்." பிறகு அவள் கை நீண்டது, பையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வைக்கும்போது சாவி சத்தம் போட்டது. பக்கவாட்டுப் பையைத் துழாவி அதை எடுத்து என் உள்ளங்கையில் திணித்தாள். "இதை நீயே வெச்சுக்கோ, கலகலன்னு உயிரை வாங்குது." இரும்பு அவள் பைக்குள் இருந்த சூட்டோடு வந்தது. பிறகு என் பெண் மெல்ல அந்தப் பக்கம் திரும்பி, ஒன்றுமில்லாத நாற்காலியைப் பார்த்தாள். ஓரக்கண்ணில் அவள் தோடு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ரொம்ப உயரத்தில் பார்த்தாள், சுவரில் ஒட்டியிருந்த பெரிய கண் படத்தை. நான் குனிந்து அவள் காதோரம் சொன்னேன்.

"இன்னும் கொஞ்சம் கீழே. உக்காந்திருக்கார்."